சங்கு ஊதாத மத்தியானம்

எங்கள் வேலையில் ஒரு கேள்வி உண்டு. முதல்முறை வருகிற எல்லோரிடமும் கேட்டாக வேண்டும். "அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உங்களைப் பற்றிப் பேசிக்கொள்வதாகத் தோன்றுகிறதா?" இதை எழுதிய புண்ணியவான் யாரோ, கதவைச் சாத்தினால் உலகமே காணாமல் போகிற ஊரில் குடியிருந்திருக்க வேண்டும். எஸ்டேட் லைன் வீட்டில் கொஞ்ச நாள் வந்து இருந்து பார்க்கட்டும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். இந்த வீட்டில் ஆணி அடித்தால் அந்த வீட்டில் காலண்டர் மாட்டலாம், சுவர் அவ்வளவு தடிமன். அங்கே போய் நான் இந்தக் கேள்வியைக் கேட்டால், "தோணுறதா? நேத்து குழாயடியில என் முன்னாலயே பேசினாளே மேடம்!" என்று பதில் வருகிறது. நான் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது, சொல்லுங்கள்.

நான் உளவியலாளர். சைக்கோசிஸ் என்கிற மனநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்று குன்னூரில் இருந்துகொண்டு மலை முழுக்கச் சுற்றுகிற ஒரு குழுவில் வேலை செய்கிறேன். இல்லாத குரல் காதில் விழும். நடக்காத சதி நடப்பதாக மனசு அடித்துச் சொல்லும். இருபது வயசுப் பிள்ளைகளைத்தான் அது அதிகமாகப் பிடிக்கும். முற்றவிடாமல் முதல் ஓரிரு வருஷத்துக்குள் கூடவே நின்றால் பலர் எழுந்து நடமாடிவிடுகிறார்கள். மாத்திரை டாக்டர் பாடு. பேச்சு என் பாடு. உளவியல் சிகிச்சைக்கு நான்தான் தலைமை. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்குக் கீழே இரண்டு பேர். அதில் ஒருவர் எப்போதும் லீவு.

வெளியூர் போகும்போது என்னோடு ஜீப்பில் வருவது எங்கள் நர்ஸ். கூடலூர்க்காரர். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எது நடந்தாலும் "சாரமில்லை மேடம்" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். ஜீப் பள்ளத்தில் சரிந்து நின்றபோதும் அதையேதான் சொன்னார். நான் நேர் எதிர். வெலிங்டனில் பட்டாளத்து பியூகிள் சத்தத்துக்கு எழுந்து வளர்ந்தவள். அப்பா அங்கே சிவிலியன் குமாஸ்தா. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். குரலும் கொஞ்சம் பரேடு மைதானக் குரல்தான். மனநல வேலைக்கு இது பொருத்தமா என்று என் வீட்டுக்காரரே பல தடவை கேட்டிருக்கிறார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். அங்கிருந்து ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா எங்களைத் தேடி வந்தார். சின்ன வயசில் சிலோனிலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். இன்னமும் லைனை 'லயம்' என்றும், டீயைத் 'தேத்தண்ணி' என்றும்தான் சொல்லுவார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே பிள்ளை. எஸ்டேட் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, வேலையை விட்டு, பின்னறையில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"பிள்ளைக்குச் சங்குச் சத்தம் ஆகவே மாட்டேங்குது டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்டதில்லை.

எஸ்டேட்டில் சங்கு என்றால் ஃபேக்டரி சைரன். காலையில் வேலைக்கு, மத்தியானம் சோற்றுக்கு, சாயங்காலம் வீட்டுக்கு. இன்றைக்கு எல்லார் மடியிலும் செல்போன் இருக்கிறது, அதில் மணியும் இருக்கிறது. ஆனால் சங்கு ஊதாமல் ஒருத்தரும் செடியை விட்டு இறங்க மாட்டார்கள். மேஸ்திரியும் விட மாட்டார். மலைக்கே அதுதான் மணி.

அந்த அம்மாவுக்குக் கவலை பிள்ளையின் நோய் மட்டும் இல்லை. அவருக்கு ஓய்வு வயசு நெருங்கிக்கொண்டிருந்தது. லைன் வீடு வேலை செய்கிறவர் பேரில்தான் இருக்கும். அவர் வேலையிலிருந்து நிற்பதற்குள் பிள்ளை பேர் ஃபேக்டரிப் பதிவில் ஏறினால் வீடு கையில் நிற்கும். இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். எங்கே இறங்குவது? சொந்த ஊர் என்று சொல்ல அவருக்குக் கடலுக்கு இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. எஸ்டேட் மேனேஜர், பையன் மறுபடி ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்தால் பேர் ஏற்றுகிறேன் என்று சொல்லியிருந்தார். அதுவே பெரிய விஷயம்.

டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். நான் வாராவாரம் போய் அந்தப் பின்னறையில் உட்கார்ந்தேன். முதலில் அவன் சுவரைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அப்புறம் ஒரு நாள் பஞ்சை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தான்.

"சங்கு எதுக்கு ஊதறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"நீ சொல்லு தம்பி."

"நான் எங்க இருக்கேன்னு எஸ்டேட்டுக்கே சொல்றதுக்கு. நான் வெளிய வந்தா எல்லாரும் பேச்சை நிறுத்திடுவாங்க. யாரோ எல்லாருக்கும் சொல்லிவெச்சிருக்காங்க."

இந்த இடத்தில் "சும்மா இரப்பா, அதெல்லாம் உன் பிரமை" என்று சொன்னால் வேலை முடிந்தது. நம்மையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டு, எடுத்த பஞ்சை மறுபடி வைத்துக்கொள்வான். எங்கள் முறை வேறு. வாதாடக் கூடாது, சேர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும். சங்கு மணியைப் பார்த்து ஊதுகிறதா, அவனைப் பார்த்து ஊதுகிறதா? சோதனையை அவனே யோசித்தான். ஒரு நாள் மத்தியானம் உள்ளே இருப்பது. இன்னொரு நாள் அதே நேரத்துக்கு வெளியே குழாயடியில் நிற்பது.

உள்ளே இருந்த அன்று சங்கு டாண் என்று நேரத்துக்கு ஊதியது. "உள்ள இருந்தா ஒழுங்காத்தான் ஊதும். வெளிய வந்தா பாருங்க" என்றான். ஆனால் குரலில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சந்தேகம் வந்தால் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. திரும்பிப் போகும்போது ஜீப்பில் பாட்டுப் பாடினேன். நர்ஸ் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரம் குழாயடி. பல மாசத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் அவன் வெளியே வந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என் பக்கத்தில் ஒட்டி நின்றான். அந்தப் பக்கம் நர்ஸ். எதிரே சரிவில் பெண்கள் கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு சங்குக்காகக் காத்திருந்தார்கள். நான் மணியைப் பார்த்தேன். ஊதும் நேரம்.

ஊதவில்லை.

"மேடம், நேரம் ஆச்சா?"

"ஆச்சு. இப்ப ஊதும்."

ஊதவில்லை. சரிவில் பெண்கள் நெளிய ஆரம்பித்தார்கள். ஒருத்தி செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு ஃபேக்டரியைப் பார்த்தாள். "என்னாங்கடி இது, சோத்துக்கு விடமாட்டானுங்களா?" என்று ஒரு குரல் மேலிருந்து வந்தது.

"கரண்ட் போயிருக்கும். சாரமில்லை மேடம்" என்றார் நர்ஸ். அவர் வாய் மூடவில்லை, நாலாவது வீட்டு டீவியில் யாரோ மாமியார் மருமகளைக் கூச்சல் போட்டுத் திட்டினாள். கரண்ட் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை வருஷப் படிப்பு, எத்தனை வருஷ அனுபவம்! அந்தக் குழாயடியில் நின்றபோது, 'ஒருவேளை நிஜமாகவே இவனைப் பார்த்துத்தான் ஊதுகிறார்களோ?' என்று எனக்கே தோன்றியது.

அவன் திரும்பி நடந்தான். வாசல்படி ஏறினான். உள்ளே கால் வைத்தான்.

ஊஊஊ என்று ஊதியது பாருங்கள் சங்கு! மலை நாலு பக்கமும் அலறியது. சரிவிலிருந்து பெண்கள் "அப்பாடா" என்று இறங்கினார்கள்.

அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "சொன்னேன்ல மேடம்" என்றான். ஜெயித்தவன் முகமாக இல்லை அது. தான் சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அவன் அன்றைக்கு வெளியே வந்திருக்கிறான்.

பின்னறையில் அவனோடு நர்ஸை உட்காரவைத்துவிட்டு நான் ஃபேக்டரிக்குப் போனேன். போனேன் என்று மரியாதையாகச் சொல்கிறேன். பாய்ந்தேன் என்பதுதான் சரி.

ஃபேக்டரியைக் கவனித்துக்கொள்கிறவருக்கு டீமேக்கர் என்று பெயர். இங்கே டீமேக்கர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, பெரிய தொண்டை. மேல்மாடியில் கொழுந்து வாட்டப் போட்டிருக்கிற இடத்தில், லைனைப் பார்த்த ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்க மேடம், வாங்க! எப்படிங்க? தம்பி பயப்படலைதானுங்களே?"

"சங்கு ஏன் ஊதலை?"

"நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன்! இன்னைக்குத் தம்பியை வெளிய கூட்டிட்டு வரீங்கன்னு அவங்கம்மா சொல்லிச்சுங்க. சங்குன்னா பயந்துக்குவானாமே? அதான், இந்த ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தனுங்க. தம்பி ஊட்டுக்குள்ள போனதும் கையைக் காட்டுனேன், ஊதிட்டாங்க." மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில் வழிந்தது.

எனக்கு வந்ததே கோபம்! அங்கே மேல்மாடியில் ஃபேன் சத்தத்தையும் மீறி நான் கத்தியது கீழே மெஷின்காரர்களுக்குக் கேட்டதாம். பாவம், அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆமாங்க, சரிங்க, தப்புங்க" என்றார். என் மூச்சு வாங்கியதும் மெதுவாக, "அப்ப லைன்லயும் நிறுத்தச் சொல்லணுங்களா?" என்று கேட்டார்.

"லைன்ல என்ன?"

லைனில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். தம்பி வெளியே தலை காட்டினால் யாரும் பேசக் கூடாது. டீவியைக் குறைத்துவிட வேண்டும். பிள்ளைகள் கூச்சல் போடக் கூடாது. ரொம்ப முக்கியமாக, யாரும் அவனை எதற்கும் ஒரு வார்த்தை திட்டிவிடக் கூடாது. நாலாவது வீட்டம்மா மட்டும் சீரியல் நேரத்தில் மறந்துவிடுவாளாம். அவளைக் கண்டித்திருக்கிறார்களாம்.

நான் கொழுந்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். யாரோ எல்லாருக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னானே! நிஜமாகவே சொல்லிவைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள் என்றானே! நிறுத்துகிறார்கள். நோயில் பாதியை நாங்கள் மாத்திரையால் குறைத்தால், இந்த நல்லவர்கள் எல்லாம் சேர்ந்து அதை நிஜமாக்கிக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்களாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"வாங்க, நீங்களே வந்து தம்பிகிட்டச் சொல்லுங்க" என்று டீமேக்கரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் பின்னறை வாசலில் பவ்யமாக நின்றார்.

"தம்பி, சங்கை நாந்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவன் நிமிர்ந்தான். "எனக்காகவா?"

"உனக்காகத்தான் சாமி! வேற யாருக்கு?"

போச்சு! போயே போச்சு! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அவன் டீமேக்கர் பக்கம் திரும்பினான். "எதுக்கு நிறுத்தினீங்க?"

"நீ பயந்துக்குவேன்னு."

"என்னை எல்லாருக்கும் காட்டிக்குடுக்கறதுக்கு இல்லையா?"

"காட்டிக்குடுக்கறதா? ஏஞ்சாமி, நீ என்ன களவாணியா? எங்க ஃபேக்டரிப் பையன்." டீமேக்கருக்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. அந்தப் புரியாத முழிதான் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். அவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், நான் சொல்லாமலே, இன்னொரு காதுப் பஞ்சையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

லைனில் எல்லோரிடமும் பேசலாமா என்று அவனைக் கேட்டேன். ஒருவருடைய நோயைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் ஊரில் பேசக் கூடாது. எங்கள் தொழிலில் அது பெரிய சட்டம். "பேசுங்க மேடம்" என்றான். "எப்படியும் அவங்களுக்கு எல்லாம் தெரியும்." அது நோயா, லைன் வீட்டு நிலவரமா என்று நான் ஆராயவில்லை.

மறுநாள் காலையில் மஸ்டருக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுக்க ஆட்கள் கூடுகிற இடம் அது. தூறல். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டிய பெண்கள், மேஸ்திரி, டீமேக்கர் எல்லோரும் நின்றார்கள். நான் என் பரேடு மைதானக் குரலில் சொன்னேன்: சங்கு நேரத்துக்கு ஊத வேண்டும். தம்பி வந்தால் பேச்சை நிறுத்தக் கூடாது. எப்போதும்போல இருங்கள், அதுதான் மருந்து.

ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்ப திட்டலாமுங்களா?"

"திட்டலாம்."

"எதுக்குங்க திட்டறது? அவன் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணும்போது திட்டுங்க!"

"இன்னைக்கே ஆரம்பிக்கணுமுங்களா?" என்று மேஸ்திரி கேட்டார். அவர் எதையும் முறைப்படி செய்கிறவர்.

"ஐயா, சும்மா சாதாரணமாப் பேசுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். இப்ப, மழை வருமா தம்பின்னு கேக்கறோமில்ல, அந்த மாதிரி."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த வாரம் போனபோது அவன் பின்னறையில் இல்லை; முன்னறையில் உட்கார்ந்திருந்தான். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். லைன்ல எல்லாரும் என்னைப் பாத்தா ஒரே கேள்வி கேக்கறாங்க."

"என்ன கேள்வி?"

"மழை வருமான்னு."

"ஓ."

"எல்லாரும். நேத்து மழை கொட்டிட்டிருக்கு, மேஸ்திரி குடையப் புடிச்சுட்டு நிக்கிறாரு, நனைஞ்சுட்டே என்கிட்ட வந்து மழை வருமா தம்பின்னு கேக்கறாரு. யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க மேடம்." என்னை உற்றுப் பார்த்தான். "நீங்கதானே?"

இந்தத் தொழிலில் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றோடு சரி.

"நான்தான்" என்றேன்.

சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "குடையப் புடிச்சுட்டு மேடம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. நர்ஸுக்குக் கண்ணில் தண்ணீர். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அவனுடைய அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். பிள்ளை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களைப் பார்த்தவர் அல்லவா, மறுபடி வந்துவிட்டதோ என்று முகம் வெளுத்துப்போயிருந்தது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லா இருப்பீங்க, தேத்தண்ணி போடுறேன்" என்றார். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று.

அதற்கப்புறம் சங்கு சரியாக ஊதியது. அவன் வெளியே நின்றான், ஊதியது. உள்ளே இருந்தான், ஊதியது. "தூங்கிட்டேன் மேடம், அப்பவும் ஊதியிருக்கு" என்று ஒரு நாள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்ன மாதிரி இருந்தது. அவன் காதில் விழுந்த இல்லாத குரல்கள் முழுசாகப் போய்விட்டன என்று நான் சொல்ல மாட்டேன். சில நாள் வரும். வந்தாலும் கையில் இருக்கிற வேலையை விடாமல் செய்யப் பழகிக்கொண்டிருந்தான்.

ஃபேக்டரிக்குத் திரும்பினான். அங்கேதான் அடுத்த தலைவலி. டீமேக்கர் அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டார். சல்லடைப் பக்கம் போனால் "நீ உக்காரு சாமி". மூட்டையைத் தொட்டால் "அது கனம் சாமி". நேரத்துக்கு ஒரு டம்ளர் டீ. கூட வேலை செய்கிறவர்கள் அவனைச் சுற்றி ஓசைப்படாமல் நடந்தார்கள்.

"முட்டை மாதிரி வெச்சிருக்காங்க மேடம்" என்றான். "உக்காந்தே இருந்தா மேனேஜர் எப்படிப் பேர் ஏத்துவாரு? அம்மா நிக்கப்போற நேரம் வந்துருச்சு." அவன் சொன்னது அத்தனையும் சரி. மேனேஜர் ஒரு தரம் வந்து ஸ்டூலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருந்தார். நான் டீமேக்கருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "என்னால முடியலீங்க மேடம், அவனைப் பாத்தா வாயே வரமாட்டேங்குது" என்றார். அவ்வளவு பெரிய தொண்டை, அவனிடம் மட்டும் வேலை செய்யவில்லை.

ஒரு நாள் நான் குன்னூரில் மீட்டிங்கில் இருந்தபோது அவரிடமிருந்து போன்.

"மேடம், தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

"என்ன ஆச்சு?"

"நான் ஆபீஸ்ல இருந்த நேரம், தம்பி அவனா எந்திரிச்சுச் சல்லடைக்குப் போயிருக்கானுங்க. காலையிலிருந்து சலிச்சு வெச்ச தூளையெல்லாம் கொண்டுபோய் இலை ரகத்தோட கொட்டிட்டானுங்க. மொத்தமும் மறுபடி சலிக்கணும். நான் வந்து பாத்தனுங்களா, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிப்போட்டனுங்க. கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்கேன்னு கேட்டேன். அவங்கப்பனையெல்லாம் இழுத்துட்டனுங்க. பாவம், செத்துப்போன மனுசன். தம்பிக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிருமுங்களா மேடம்?"

"அவன் என்ன பண்றான்?"

"மூஞ்சியை உம்முனு வெச்சுட்டு சலிச்சுட்டிருக்கானுங்க. என்கூடப் பேசலை. பயமா இருக்குதுங்க, கொஞ்சம் வாங்க."

மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். கோத்தகிரி ரோட்டின் வளைவுகளில் ஜீப் போன வேகத்துக்கு நர்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். "சாரமில்லை" என்று ஆரம்பித்தவரை, "அந்த வார்த்தையை இன்னைக்குச் சொன்னீங்கன்னா இங்கயே இறக்கிவிட்டுடுவேன்" என்றேன். என் மனசில் பின்னறையும் பஞ்சும் திரும்பத் திரும்ப வந்தன. இத்தனை மாசமும் வீணா? அந்த வீடு போயிற்றா?

ஃபேக்டரி வாசலில் அவன் அம்மா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். செய்தி சரிவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கொழுந்துப் பையைக் கூட இறக்காமல் ஓடிவந்திருக்கிறார். "என் பிள்ளை, டாக்டரம்மா" என்று என் கையைப் பிடித்தார். கை ஈரமாக, சில்லென்று இருந்தது. டீமேக்கர் ஓரமாக மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சங்கு ஊதியது. சோற்றுக்கு. தலைக்கு மேலேயே ஊதியதால் காது அடைத்துக்கொண்டது.

கதவு திறந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். நடுவில் அவன். தலை முதல் கால் வரை தேயிலைத் தூசி, புருவம் கூடப் பழுப்பு. பக்கத்தில் ஒருவன் அவன் தோளில் கை போட்டு, "ஏன்டா, உனக்குத் தூளுக்கும் இலைக்குமே வித்தியாசம் தெரியலையா, மூணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும்டா" என்று வாரிக்கொண்டு வந்தான்.

அவன் என்னைப் பார்த்ததும் நின்றான். கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மேடம், இன்னைக்கு டீமேக்கர் என்னைத் திட்டினாரு. நீங்க சொல்லிக்குடுக்கலைதானே?"

"சத்தியமா இல்லை தம்பி. நான் மீட்டிங்ல இருந்தேன்."

"எனக்குத் தெரியும்" என்றான். "சொல்லிக்குடுத்தா அவ்வளவு நல்லா வராது. எங்கப்பாவைக்கூட இழுத்தாரு. அதுக்குத்தான் கோவம். ஆனா மேனேஜர் அங்கதான் நின்னாரு, எல்லாத்தையும் கேட்டாரு. நாளையிலிருந்து சலிக்கிற பக்கமே நில்லு, ஸ்டூலை எடுத்துடறேன்னாரு."

நான் சொல்ல நிறைய வைத்திருந்தேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவை. "தம்பி, இப்ப உன் மனசுல என்ன ஓடுதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"மேடம், சங்கு ஊதிருச்சு. பசிக்குது. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தோளில் கை போட்டவனோடு நடந்தே போய்விட்டான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

"டேய்!" என்று பக்கத்தில் ஒரு சத்தம். அவன் அம்மா. "டாக்டரம்மா அவ்வளவு தூரத்துலேருந்து வந்து நிக்கிறாங்க, எருமை மாதிரி போறியே, மரியாதை தெரியாத பயலே!"

சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, விழி பிதுங்க என்னைப் பார்த்தார். நோய் வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையை அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவன் திரும்பக்கூட இல்லை. "பசிக்குதும்மா!" என்று கத்தினான்.

அவர் வாயிலிருந்து கையை எடுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தார்.

"பசிச்சா லயத்துக்குத்தானேடா வரணும், சோறு அங்க இருக்கு! அந்தப் பக்கம் எங்கடா போற, தூங்குமூஞ்சிப் பயலே!"

எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டிருக்கும். குழாயடியில் பெண்கள் கை கழுவிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் பேச்சை நிறுத்தவில்லை.